மலர்மூலம்

தொலைநாட்டுப் பண்ணையொன்றின் விலைப்பட்டியலைக் கையில் எடுத்து, அதில் வரிசையாக அச்சிட்டிருக்கும் ஆர்க்கிட் இனங்களின் லத்தீன் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போகும்போது, ஈக்வடாரின் மேகம் தவழும் காடுகளில் குரங்கின் முகத்தை முன்னிறுத்திக்கொண்டு தலைகீழாகத் தொங்கும் டிராக்குலா சிமியாவும், மடகாஸ்கரின் கீழைக் கரையோரத்து மரங்களில் நட்சத்திரம்போல் வெண்மையாய்ப் பூக்கும் ஆங்கிரேக்கமும், வியட்நாமின் சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் பாதரட்சையின் முனையை ஒத்த உதட்டிதழோடு நிற்கும் பாஃபியோபெடிலமும் நம் வீட்டு முற்றத்துக்கே வந்துவிடக்கூடும் என்ற எண்ணம் உள்ளத்தில் எழுப்பும் கிளர்ச்சி சாமானியமானதன்று. அழகைக் கண்டு அதை அருகில் வைத்துப் பார்க்க விரும்புவது மனித சுபாவம். அந்த விருப்பத்தைக் குற்றமென்று சொல்ல நான் இங்கே வரவில்லை. பல ஆண்டுகளாக அந்த விருப்பத்துக்கு ஆட்பட்டவன் நான். இனியும் அதிலிருந்து விடுபடுவேன் என்று தோன்றவில்லை. ஆயினும் பெயரும் அளவும் கிரயமும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருக்கும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு விஷயம் உண்டு. இந்தச் செடி எங்கே பிறந்தது, யார் கையால் வளர்ந்தது, எந்தக் காட்டிலிருந்து அல்லது எந்த விதையிலிருந்து வந்தது என்பதே அது. ரிஷிமூலமும் நதிமூலமும் விசாரிக்கலாகாது என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள்; மலர்மூலத்தை மட்டும் விசாரித்தே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கடல்கடந்து செடி வரவழைக்கும் வழக்கம் நேற்று முளைத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் செல்வர்களுக்கு உஷ்ணமண்டல ஆர்க்கிடுகளின்மேல் ஒரு மோகம் பிறந்து, வெகுவிரைவில் அது வெறியாக முற்றியது. 1818-ஆம் ஆண்டு வில்லியம் ஸ்வைன்சன் என்பார் பிரேஸில் நாட்டின் பெர்னாம்புகோப் பிரதேசத்திலிருந்து அனுப்பிய செடிகளுள் ஒன்று, வில்லியம் காட்லி என்ற வணிகரின் கண்ணாடி வீட்டில் பெரிய ஊதா மலரை ஈன்றது. தாவர சாஸ்திரியான ஜான் லிண்ட்லி அதற்குக் காட்லியா லேபியேட்டா என்று பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார். அச்செடியின் பூர்வ ஸ்தலம் எதுவென்று எவரும் சரியாகக் குறித்து வைக்காததால், அதற்குப் பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அதைத் தேடித் தேடி அலைந்தார்கள். பிறப்பிடத்தை எழுதி வைக்காத அலட்சியத்துக்கு ஆர்க்கிட் சரித்திரம் தொடக்கத்திலேயே செலுத்திய அபராதம் அது.

அந்தக் காலத்தில் செடிகள் கப்பல் தளத்தில் ஏற்றப்பட்டு, உப்புக் காற்றிலும் வெயிலிலும் காய்ந்து, குடிநீர்ப் பஞ்சம் வந்தபோது மாலுமிகளால் முதலில் கைவிடப்பட்டு, துறைமுகம் சேரும்போது பெரும்பாலும் சருகாகவே இருந்தன. லண்டனில் வைத்தியத் தொழில் புரிந்துவந்த நத்தானியேல் வார்ட் என்பார் 1829-ஆம் ஆண்டளவில், ஒரு விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு ஒரு கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்திருக்க, நகரத்துக் கரிப்புகையால் தம் தோட்டத்தில் பிழைக்க மறுத்த பெரணி அந்தப் புட்டிக்குள் தானாகவே தளிர்த்து நிற்பதைக் கண்டார். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணுக்கே இறங்குவதால் மூடிய பெட்டிக்குள் செடி தன்னைத்தானே காத்துக்கொள்கிறது என்பதை உணர்ந்த அவர், 1833-ஆம் ஆண்டில் அத்தகைய இரு கண்ணாடிப் பெட்டிகளைச் செடிகளோடு ஸிட்னி நகருக்கு அனுப்பிவைத்தார். பல மாத யாத்திரைக்குப் பின் அவை பசுமை மாறாமல் கரை சேர்ந்தன. அதே பெட்டிகள் ஆஸ்திரேலியச் செடிகளை ஏந்திக்கொண்டு திரும்பியும் வந்தன. லாடிஜஸ் போன்ற பெருவணிகப் பண்ணைகள் அந்த உபாயத்தை உடனே கைக்கொண்டன. அதன் பிறகு உலகத்தின் எந்தக் காடும் எந்தச் சந்தைக்கும் தொலைவில் இல்லை என்றாயிற்று.

செடி உயிரோடு வந்து சேர்ந்தபின்பும் ஒரு தொல்லை எஞ்சியிருந்தது. உஷ்ணமண்டலத்துச் செடி என்றால் அதற்கு வேண்டியது வெப்பமும் புழுக்கமுமே என்று நம்பிய தோட்டக்காரர்கள், ஆண்டீஸ் மலையின் குளிர்ந்த உச்சிகளிலிருந்து வந்தவற்றையும் இமயச் சாரலிலிருந்து வந்தவற்றையும் காற்றோட்டமில்லாத வெந்நீர்க் குழாய் அறைகளில் அடைத்து வைத்து அவியவிட்டார்கள். டெவன்ஷயர் கோமகனின் சாட்ஸ்வொர்த் தோட்டத்தைப் பரிபாலித்த ஜோஸஃப் பாக்ஸ்டன் போன்றவர்கள், அந்தந்தச் செடி வளர்ந்த இடத்தின் உயரத்தையும் குளிரையும் காற்றையும் அறிந்து தனித்தனிக் கூடங்களில் வளர்க்கத் தலைப்பட்ட பின்னரே அந்தச் சாவு குறைந்தது. அதே கோமகன் 1835-இல் ஜான் கிப்ஸன் என்னும் தோட்டக்காரரைக் கல்கத்தாவுக்கு அனுப்பி, காசி மலைகளில் இருந்து ஏராளமான ஆர்க்கிடுகளைத் திரட்டச் செய்தார். வாழிடத்தை அறியாதவன் செடியையும் அறியான் என்ற பாடத்தை அந்தத் தலைமுறை ஆயிரக்கணக்கான செடிகளின் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

அதே காசி மலைகளுக்கு 1850-இல் சென்ற ஜோஸஃப் ஹூக்கர், ஓக் மரங்களின் கிளைகளில் நீலமாய்ப் பூத்துக் குலுங்கிய வாண்டா கேருலியாவைக் கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை திரட்டியதாகவும், அவற்றுள் உயிரோடு இங்கிலாந்து சேர்ந்தவை மிகச் சொற்பம் என்றும் தம் இமயப் பயணநூலில் எழுதியிருக்கிறார். இன்னொரு கனவான் அனுப்பிய ஒரே ஆள் சுமை, நலிந்த நிலையில் போய்ச் சேர்ந்தும்கூட, 300 பவுனுக்கு விலைபோயிற்று என்பதையும் அவரே குறித்திருக்கிறார். இவ்விரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு அடுத்த ஐம்பது ஆண்டுகளின் கதை முழுவதும் விளங்கிவிடும். பத்தில் ஒன்று பிழைத்தாலும் லாபம் என்ற கணக்கு ஏற்பட்டுவிட்டால், மீதி ஒன்பதின் சாவு வியாபாரச் செலவில் எழுதப்பட்டுவிடும்.

அந்தக் கணக்கைப் பேரரசாக விரித்தவர் ஃப்ரெடரிக் ஸாண்டர். ஜெர்மனியின் பிரெமென் நகரில் பிறந்து, இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் கண்ணாடி வீடுகளை எழுப்பி, பிற்காலத்தில் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரிலும் பண்ணை நிறுவிய இவர், ஒரு சமயத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்களை உலகின் காடுகளெங்கும் ஏவியிருந்தார். அவர்களுள் ஒருவரான மிஹோலிட்ஸ், கிழக்கிந்தியத் தீவுகளில் அரும்பாடுபட்டுத் திரட்டிய டெண்ட்ரோபியச் செடிகள் முழுவதும் துறைமுகத்தில் நின்ற கப்பலோடு தீயில் எரிந்துபோன செய்தியைத் தந்தியில் தெரிவித்தபோது, திரும்பிப் போய் மறுபடியும் திரட்டுமாறு எஜமானிடமிருந்து கட்டளை வந்ததாக ஆர்க்கிட் சரித்திரம் எழுதியோர் கூறுவர். மனிதனின் சிரமத்துக்கே இரக்கம் இல்லாத இடத்தில் காட்டுக்கு இரக்கம் எங்கிருந்து வரும்? கொலம்பியாவின் மலைகளில் ஓடொண்டோகிளாஸம் கிரிஸ்பம் என்ற வெண்மலரைத் தேடிச் சென்ற ஆல்பர்ட் மில்லிகன் 1891-இல் வெளியிட்ட தம் நூலில், 10,000 செடிகளைச் சேகரிப்பதற்காக ஏறத்தாழ 4,000 மரங்களை வெட்டிச் சாய்த்ததைச் சற்றும் கூசாமல் பதிவு செய்திருக்கிறார். மரத்தில் ஏறிப் பறிப்பதைக் காட்டிலும் மரத்தையே வீழ்த்துவது சுலபம் என்ற ஒரே காரணத்துக்காகச் சாய்க்கப்பட்டவை அவை. லண்டனின் ஏலக்கூடத்தில் அந்த மலரைக் கண்டு மயங்கி விலை கேட்டவர்களுள் ஒருவரேனும் அந்த மரங்களைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நிகழ்வதற்குத் தாம் பொறுப்பில்லை என்ற எண்ணமே அந்த வியாபாரத்தின் மூலதனமாக இருந்தது.

இப்படிக் காட்டைக் கொள்ளையிடாமல் விதையிலிருந்து வளர்த்திருக்கலாகாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் ஆர்க்கிடின் விதை, சிருஷ்டியில் மிகவும் விசித்திரமானவற்றுள் ஒன்று. சில இனங்களில் ஒரே காய்க்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் உண்டு. கையில் கொட்டினால் மஞ்சள் பொடிபோல் தோன்றி, மூச்சுப் பட்டால் பறந்துவிடும் அந்த விதைக்குள், நெல்லுக்கும் அவரைக்கும் உள்ளதுபோல் முளைக்கு வேண்டிய உணவுச் சேமிப்பு சிறிதும் இல்லை. தாய் கட்டுச்சோறு எதுவும் மடித்துக் கொடுக்காமல் நெடுவழிக்கு அனுப்பிவிட்ட பிள்ளையைப்போல், அது வந்து விழுந்த இடத்தில் தனக்கு உரிய பூஞ்சை ஒன்று இருந்து, அது தன் உடலுக்குள் புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும், இல்லையேல் அழியும். இந்த ரகசியத்தை 1899-இல் ஃப்ரான்ஸ் தேசத்தின் காட்டில் நியோட்டியா என்ற நிலத்து ஆர்க்கிடின் முளைகளை ஆராய்ந்த நோயெல் பெர்னார் என்ற இளம் விஞ்ஞானி கண்டுபிடித்தார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லூயிஸ் நுட்ஸன், 1922-இல் அதற்கு மேலும் ஒரு படி சென்று, கிருமி நீக்கிய குடுவைக்குள் அகர் என்னும் கடற்பாசிக் கூழில் சர்க்கரையும் தாது உப்புக்களும் கலந்து வைத்து, பூஞ்சையின் உதவியே இல்லாமல் விதைகளை முளைக்கச் செய்தார். 1960-இல் ஜார்ஜ் மோரெல், ஸிம்பீடியத்தின் தளிர்முனைத் திசுவிலிருந்தே எண்ணற்ற செடிகளைப் பெருக்கும் மார்க்கத்தைக் காட்டினார்.

இந்த மூன்று கண்டுபிடிப்புக்களையும் நான் வெறும் தொழில்நுட்பச் செய்திகளாகக் கருதுவதில்லை. ஒரு மலரின்மேல் ஆசைப்படுகிறவனுக்கும் அந்த மலர் பிறந்த காட்டுக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நீடித்த பகையைத் தீர்த்து வைத்த சமாதான உடன்படிக்கையாகவே கருதுகிறேன். காட்டில் பூத்த ஒரு மலரில் மகரந்தம் சேர்த்து, ஒரே ஒரு காயைப் பறித்துக்கொண்டு வந்தால் போதும்; செடி தன் இடத்திலேயே நிற்கும்; ஒரு தேசத்தின் ரசிகர்கள் அனைவருக்கும் போதுமான நாற்றுக்கள் குடுவைகளில் பிறக்கும். ஆசைக்கும் அறத்துக்கும் நடுவில் இத்தனை சுலபமான பாலம் மனிதனுக்கு வேறு எந்தத் துறையிலும் அமைந்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாலம் கண்முன் இருந்தும் அதன்மேல் நடக்க மறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதே வருத்தத்துக்குரிய செய்தி.

அழியும் தறுவாயில் இருக்கும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தை ஒழுங்குபடுத்த 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் ஒப்பந்தம், ஆர்க்கிட் குடும்பம் முழுவதையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பாஃபியோபெடிலம், ஃப்ராக்மிபீடியம் ஆகிய இரு பாதரட்சை இனங்களும் அதன் மிகக் கண்டிப்பான முதல் பட்டியலில் இருக்கின்றன. காட்டிலிருந்து பிடுங்கிய அச்செடிகளை வியாபாரத்துக்காக எல்லை கடத்துவது முற்றிலும் தடுக்கப்பட்டது. ஆயினும் 2002-ஆம் ஆண்டில் பெரு நாட்டின் வடபகுதியில் சாலையோரக் கடையொன்றில் ஓர் அமெரிக்கர் கண்டு வாங்கிய ஃப்ராக்மிபீடியம், உள்ளங்கையை மறைக்கும் அகலமும் ஆழ்ந்த ஊதாச் செம்மையும் கொண்ட அதிசய மலராக இருந்தது. உரிய அனுமதிப் பத்திரம் எதுவுமின்றி ஃப்ளாரிடா மாநிலத்துத் தாவரத் தோட்டமொன்றுக்குக் கொண்டுவரப்பட்ட அச்செடி, அங்கே அவசர அவசரமாக விவரிக்கப்பட்டு ஃப்ராக்மிபீடியம் கோவாச்சி என்ற பெயரைப் பெற்றது. பெயர் பெற்ற மகிழ்ச்சி அடங்குமுன் வழக்கு வந்தது. கொண்டுவந்தவரும் தோட்ட நிர்வாகமும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அதற்குள் பெருவின் அந்த மலைச்சரிவில் செடிகள் சூறையாடப்பட்டுவிட்டன. பிற்பாடு பெரு அரசாங்கம் மிகச் சில தாய்ச்செடிகளை மட்டும் முறைப்படி எடுக்க உள்நாட்டுப் பண்ணைகளுக்கு அனுமதி வழங்கி, அவற்றின் விதையிலிருந்து குடுவை நாற்றுக்கள் உருவாகி, சட்டத்தின் வழியே உலகெங்கும் சென்றன. சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் எவர் கையும் கறைபடாமல் கிடைத்திருக்கக்கூடிய மலர் அது. வடக்கு வியட்நாமில் 1999-இல் பெயர்பெற்ற பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸேயின் கதியும் இத்தகையதே. அறிவிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள் காட்டில் அதைக் காண்பதே அரிதாகிவிட்டது.

பெருவும் வியட்நாமும் நமக்கு எங்கோ இருக்கும் தேசங்கள் என்று வாசகர் எண்ணலாம். அங்கிருந்து பார்க்கிறவனுக்கு நம்முடைய மலையும் எங்கோ இருக்கும் தேசந்தான். பொதிகையும் அகத்தியர் கூடமும் சேர்ந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், வெயில் விழும் பாறைச் சரிவுகளின் புல்லிடையே பாஃபியோபெடிலம் ட்ரூரி என்ற பாதரட்சை ஆர்க்கிட் வளர்கிறது. பொன்மஞ்சள் இதழ்களின் நடுவே கருஞ்செம்பழுப்புக் கோடு ஓடும் இந்த மலரைத் தவிர, தென்னிந்தியத் தீபகற்பத்தில் அந்த இனத்தைச் சேர்ந்த வேறொரு மலர் கிடையாது. அதன் உறவினர்கள் எல்லாம் இமயச் சாரலிலும் வடகிழக்கு இந்தியாவிலும் அதற்கு அப்பாலும் இருக்கிறார்கள். 1865-இல் கர்னல் ட்ரூரி என்ற ஆங்கிலேயர் திருவிதாங்கூர் மலைகளில் இதைக் கண்டார். பின்னர் நெடுங்காலம் காட்டில் எவர் கண்ணுக்கும் படாமல் இருந்து, 1970-களில் மீண்டும் கண்டறியப்பட்டது. கண்டறியப்பட்டதே அதற்குக் கேடாய் முடிந்தது. சேகரிப்போர் அங்கேயும் வந்துவிட்டார்கள். இன்று அது காட்டில் மிகமிக அருகிப்போன இனங்களுள் ஒன்று. அகத்தியர் பெயர் தாங்கிய மலையில் மட்டும் வாழ்ந்த ஒரு மலர், ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளின் பட்டியல்களில் ஒரு வரியாக மாறிய கதையை அறிந்த தமிழன், வேறொரு நாட்டின் மலருக்கு ஆணை அனுப்பக் கடிதம் எழுத உட்காரும்போது, அந்த நாட்டின் மலையிலும் ஒரு பொதிகை இருக்கிறது என்பதை எப்படி மறக்க முடியும்?

இனி, ஆணை அனுப்பும் காரியத்துக்கே வருகிறேன். முறையாகச் செய்ய விரும்புகிறவருக்கு அது பொறுமையைச் சோதிக்கும் காரியம். ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசாங்கம் வழங்கும் சைட்டிஸ் அனுமதி வேண்டும். செடியில் நோயும் பூச்சியும் இல்லை என்று அந்நாட்டு வேளாண் அதிகாரி அளிக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். இந்தியாவுக்குள் கொண்டுவர இங்கே முன்னதாகவே இறக்குமதி அனுமதி பெற்றிருக்கவேண்டும். வந்திறங்கியதும் சென்னையானால் மீனம்பாக்கத்துத் தாவரத் தடுப்புக்காப்பு நிலையத்தார் பரிசோதிக்க வேண்டும். இவையெல்லாம் வீண் கெடுபிடி என்று சலித்துக்கொள்வோர் பலர். ஸிம்பீடியம் மொஸைக் வைரஸ் என்றும் ஓடொண்டோகிளாஸம் வளையப்புள்ளி வைரஸ் என்றும் பெயர்கொண்ட, மருந்தே இல்லாத நோய்கள் கண்டம் விட்டுக் கண்டம் பரவியது செடிகளின் பிரயாணத்தால்தான் என்பதை அறிந்தவர் அப்படிச் சலித்துக்கொள்ளமாட்டார். என் ஒரு தொட்டிக்காக ஓர் ஊரின் தோட்டங்கள் நோயுற நேருமாயின், அந்தத் தொட்டி எனக்கு வேண்டாம்.

பெட்டி வந்து சேர்ந்ததும், மண்ணோ தொட்டியோ இன்றி, வேர்களை ஈரப்பாசியில் சுற்றிக் காகிதத்தில் பொதிந்த செடி கைக்கு வருகிறது. பாதிக்கு மேல் இலைகள் சுருங்கி, வேர்கள் சில மடிந்து, பட்டியலில் கண்ட படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கும். அப்போது அவசரப்பட்டு உரமிடுவதும் வெயிலில் வைப்பதும் கொலைக்கு ஒப்பாகும். நிழலும் ஈரக்காற்றும் கொடுத்து, அழுகிய வேரை மட்டும் நீக்கி, கரித்துண்டிலோ மரப்பட்டையிலோ தேங்காய் மட்டையிலோ தளர்வாக நிறுத்தி, புதுவேரின் பசிய முனை வெளிப்படும்வரை காத்திருக்கவேண்டும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்து வந்த செடியாயின் அதற்கு நம்முடைய மாதங்கள் தலைகீழ். அதன் உடலுக்குள் வசந்தம் நடக்கும்போது நம் ஊரில் ஐப்பசி அடைமழை பெய்துகொண்டிருக்கும். அது நம் பருவத்தோடு இசைவதற்கு ஓராண்டும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். ஆண்டீஸ் மேகக்காட்டின் டிராக்குலாவும் மஸ்டிவாலியாவும் சென்னையின் சித்திரை வெயிலில் சில நாட்களும் தரியா. உதகையும் கொடைக்கானலுமே அவற்றுக்கு ஏற்றவை. தாய்லாந்தின் சமவெளிப் பண்ணைகளில் வளர்ந்த வாண்டாவும் டெண்ட்ரோபியமும் கடற்கரை ஊர்களில் செழித்து வளரும். நம் ஊரின் காற்றுக்கு ஏற்றதை ஆசைப்படுவதும் ரசனையின் ஒரு பகுதியே ஆகும்.

இத்தனை கவனத்தோடு வளர்த்தாலும் செடியோடு வராத ஒன்று உண்டு. மடகாஸ்கரின் ஆங்கிரேக்கம் ஸெஸ்க்விபிடேல் என்ற மலரின் பின்புறத்தில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழலொன்று தொங்குகிறது. அதன் அடியில்தான் தேன். 1862-இல் அந்த மலரைக் கையில் வாங்கிப் பார்த்த சார்ல்ஸ் டார்வின், அத்தனை நீளமான நாக்குள்ள விட்டிற்பூச்சி ஒன்று மடகாஸ்கரில் இருந்தே தீரவேண்டும் என்று சொன்னார். அவர் மறைந்து இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்து 1903-இல் அத்தகைய விட்டில் விவரிக்கப்பட்டது. இரவில் மணக்கும் அந்த மலர் என் வீட்டுத் தாழ்வாரத்தில் பூக்கும்போது, அதன் குழலில் தேன் ஊறுவது அந்த விட்டிலுக்காகத்தான். என் மூக்குக்காக அன்று. அதன் கூட்டாளி இங்கே ஒருநாளும் வரப்போவதில்லை. தன் சுற்றத்தை விட்டுப் பிரிந்துவந்த ஜீவனுக்கு அடைக்கலம் கொடுத்திருக்கிறோம் என்ற உணர்வோடு வளர்ப்பவன், அதன் பிறந்தகத்தில் அந்தச் சுற்றம் குலையாமல் இருக்கவேண்டும் என்று கவலைப்பட்டே தீரவேண்டும்.

ஆகவேதான் வளர்ந்த செடியைவிடக் குடுவையே மேலான கொள்முதல் என்பது என் துணிந்த கருத்து. கூழில் மூழ்கி நிற்கும் நெல்மணி அளவு நாற்றுக்களைக் குடுவையிலிருந்து எடுத்துக் கழுவி, பாசியில் வரிசையாக நட்டு, பனிபோல் நீர் தூவி, பாதி மடிந்தாலும் மீதியைக் காப்பாற்றி, பாதரட்சை இனங்களாயின் ஐந்தாறு ஆண்டுகள் பொறுத்து முதல் அரும்பைக் காண்பதற்குள், வளர்ப்பவனுக்கு அந்த இனத்தின் ஒவ்வோர் இயல்பும் தெரிந்துவிடுகிறது. பெரிய செடியை வாங்கி அடுத்த மாதமே பூக்கக் கண்டவனுக்கு அந்த ஞானம் கிட்டாது. மேலும் தாய்ச்செடி சட்டப்படி பெறப்பட்டதாயின், கிருமியற்ற குடுவையில் வளரும் நாற்றுக்களுக்கு ஒப்பந்தமே சலுகை அளிக்கிறது. சட்டமும் சாஸ்திரமும் ரசனையும் ஒரே திசையைச் சுட்டுகின்றன.

பிறப்பைக் கேட்டால் கிடைக்கும் விடைகளைக் கொண்டே பண்ணைகளின் தராதரத்தை அறிந்துவிடலாம். கீழ்நாட்டுப் பண்ணையொன்று அரிய பாஃபியோபெடிலம் ஒன்றை மிகமலிந்த விலைக்குத் தருவதாக எழுதியபோது, அது விதையில் வளர்ந்ததா என்று வினவி எழுதினேன். விலையை இன்னும் குறைத்துப் பதில் வந்ததே ஒழிய என் வினாவுக்கு விடை வரவில்லை. அந்த மௌனமே விடையாகப் போதுமானதாக இருந்தது, நான் வாங்கவில்லை. நல்ல பண்ணையார், எந்தத் தாயை எந்தத் தந்தையோடு சேர்த்தார், எந்த ஆண்டில் விதைத்தார் என்பதைக் கேட்காமலே எழுதுவார். அதில் அவருக்குப் பெருமை உண்டு. செடியே கையில் வந்துவிட்டாலும் அதன் உடம்பு உண்மையைச் சொல்லும். காட்டிலிருந்து பிடுங்கியதாயின், இலைகளில் பழைய பூச்சிக்கடியின் வடுக்களும் பாசிப்படலமும் இருக்கும். மரப்பட்டையையோ பாறையையோ பற்றியிருந்த வேர்கள் தட்டையாகி முரட்டுத்தனமாய் அறுபட்டிருக்கும். பண்ணையில் பிறந்ததாயின், வேர்கள் தொட்டியின் வடிவத்தில் சுருண்டிருக்க, இலைகள் மாசற்று ஒரே சீராக இருக்கும்.

இவ்வளவு நுணுக்கம் பார்த்தால் யார் செடி வளர்ப்பார், உள்ளூர்ச் செடிகளோடு திருப்தியடைவதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். உள்ளூர்ச் செடிகளைப் போற்றுவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஏற்காட்டில் இந்தியத் தாவர ஆய்வகத்தார் பேணிவரும் ஆர்க்கிட் தோட்டத்தை ஒவ்வொரு தமிழரும் ஒருமுறையேனும் சென்று காணவேண்டும். ஆனால் அந்நிய மலரின்மேல் கொண்ட ஆசையே அதைக் காத்துக்கொடுக்கவும் கூடும் என்பதற்கு ஹூக்கர் கண்ட அந்த நீல வாண்டாவே சாட்சி. ஒரு காலத்தில் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருந்த அந்த மலர், தாய்லாந்து முதலிய நாடுகளின் பண்ணைகளில் விதையிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்பட்டு, காட்டுச் செடியைவிட அகன்ற இதழும் அடர்ந்த நீலமுமாகச் சந்தைக்கு வந்துவிட்டதால், காட்டுச் செடியைத் தேடி மலையேறுவதற்கான காரணம் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. பாங்காக்கில் 2004-இல் கூடிய மாநாடு அதை முதல் பட்டியலிலிருந்து இரண்டாம் பட்டியலுக்கு இறக்கியது. மலைமலையாக வெட்டிச் சுமந்து போன மலரை, வாங்குவோரின் ஆசை விதையின் பக்கம் திரும்பியதே காப்பாற்றிற்று.

ஆதலால் விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களை ஒன்றே ஒன்று வேண்டிக்கொள்கிறேன். பண்ணைக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே, விலையையும் தபால் செலவையும் கேட்பதற்கு முன்னால், இந்தச் செடி எந்தத் தாயின் விதை, எந்த ஆண்டில் விதைக்கப்பட்டது என்று கேளுங்கள். தெளிவான விடை வந்தால் வாங்குங்கள். கூடுமானவரை குடுவையாகவே வாங்குங்கள். விடை வராவிட்டால் அந்த மலர் எத்தனை அழகாயினும் விட்டுவிடுங்கள். உங்கள் கையில் அது பூக்கும் நாளில் மகரந்தம் சேர்த்துக் காயெடுத்து, நாற்றுக்களை அதே ஆசையுள்ள இன்னொருவருக்கு, அதன் குலவரலாற்றையும் எழுதிச் சேர்த்து, கொடுங்கள். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் விற்போர் விதைக்கத் தொடங்குவார்கள். வேறு எந்தச் சட்டத்தைக் காட்டிலும் அதுவே காட்டைக் காக்கும்.